எழுத்தாளனும் நாட்குறிப்பும்

எழுத்துத்துறையிற் புக விழையும் மாணவர் பலர் அழகிய சொற்றொடர்களைத் தேடித் தொகுத்தலையே முதற் பயிற்சியாகக் கொள்கின்றனர். சொல்வளம் வேண்டுவதே, ஆயினும், சொல்லுதற்குரிய பொருள் கைவசம் இல்லாதவிடத்துச் சொல் மட்டும் என் செய்யும்? பொருளைத் தருவது கூர்ந்த நோக்கு. அந்நோக்கினை நாள்தோறும் பழக்கும் எளிய கருவி நாட்குறிப்பாகும். இதனை இருவர் வரலாற்றால் விளக்குவாம்.

புதுச்சேரியிற் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாசியாய் விளங்கியவர் ஆனந்தரங்கப்பிள்ளை. 1736ஆம் ஆண்டு தொடக்கம் 1761இல் தம் இறுதி நாட்கள் வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். கப்பல்களின் வரவு, வணிகச் செய்திகள், ஆளுநரோடு நிகழ்ந்த உரையாடல்கள், 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட செய்தி ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. பிறமொழிச் சொற்கள் விரவிய அக்காலப் பேச்சுநடையிலேயே அவர் எழுதினார். செந்தமிழ் நாடுவோர் அந்நடையைக் குறைகூறல் கூடும். எனினும், பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழர் எவ்வாறு பேசினர் என்பதை நாம் இன்று அறிதற்கு அதுவே துணையாகின்றது. 1846இற் பிறர் கவனத்துக்கு வந்து படியெடுக்கப்பட்டமையாலேயே அக்கருவூலம் நமக்குக் கிடைத்தது.

மற்றவர் லெனாட் வுல்ப் என்னும் ஆங்கிலேயர். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் கடமையாற்றிய பின்னர், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தார். பதவியின் கடமையாக அவர் நாட்குறிப்பு எழுத நேர்ந்தது. உப்பளம், மாட்டுநோய், சேனைப் பயிர்ச்செய்கை, கிராமப் பயணங்கள் என்பனவே அதன் பொருள். ஈழத்தை விட்டு நீங்கியபின், 1913இல், காட்டுக் கிராமமொன்றின் அழிவைச் சித்திரிக்கும் நாவலை அவர் வெளியிட்டார். நாட்குறிப்பிற் பேசுபவர் அதிகாரி; நாவலிலோ, அவ்வதிகாரத்தின்கீழ் நலியும் குடியானவனின் துயரே பேசுகின்றது. ஆதலின், நாட்குறிப்புத் தானே இலக்கியமாகாது என்பதும் ஈண்டு உணரத்தக்கது. குறிப்பு விதைநெல், அதனைப் பயிராக்குவன கற்பனையும் பிறர்துயர் உணரும் நெஞ்சமுமாம்.

அங்ஙனமாயின், எழுதவேண்டியவை யாவை? “இன்று சந்தையிற் கூட்டம் மிகுதி” என்று எழுதுவதாற் பயன் சிறிது. எப்பொருள் என்ன விலைக்கு விற்றது, விற்றவர் எச்சொல்லாற் கூவினார், வாங்கியவர் எவ்வாறு மறுமொழி கூறினார் என்று எழுதுக. அன்றன்றே எழுதுக, நாள் கடப்பின் நினைவு முடிவை மட்டும் வைத்துக்கொண்டு நுட்பங்களை இழந்துவிடும். அலங்காரத்தை விலக்குக. தன் மனக்குறைகளையே நாள்தோறும் நிரப்பாது புறவுலகையும் நோக்குக. திங்களுக்கு ஒருமுறை மீண்டும் படிப்பின், தன் பார்வை எங்கே தெளிந்தது, எங்கே மங்கியது என்பது தானே புலப்படும்.

இப்பழக்கம் நம்மனோர்க்குப் பெரிதும் வேண்டப்படுவது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, அச்சு நூல்களோடு மீட்டற்கரிய ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. போரும் இடப்பெயர்வும் வீடுகளில் இருந்த ஏடுகள் பலவற்றையும் கொண்டுபோயின. ஓரிடத்திற் குவிந்த செல்வம் ஒரே இரவில் அழிதல் கூடும். பல வீடுகளிற் பலர் எழுதிவைப்பன அனைத்தும் ஒருங்கே அழிதல் அரிது. இன்றைய மாணவர் அனைவரும் எழுத்தாளர் ஆகாதிருக்கலாம். எனினும், தம் ஊரின் தொழில்களையும் வழக்குச் சொற்களையும் முதியோர் நினைவுகளையும் உண்மையாகக் குறித்து வைப்பாராயின், நாளை எழுத வருவோர்க்கு அக்குறிப்புகள் முதலாகும்.