சிசு பால் குடிக்க மறுத்தால்

தாய்ப்பாலினும் சிறந்த உணவு சிசுவுக்கு வேறொன்றில்லை என்பதை இன்று நம் கிராமங்களில் அறியாதார் இலர். அங்கன்வாடிச் சுவர்களிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாயிலிலும் அது எழுதப்பட்டிருக்கின்றது. ஆனால், பிறந்த குழந்தை மார்பைப் பற்ற மறுத்து வீறிட்டு அழும்போது தாய் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்தச் சுவரும் கூறுவதில்லை.

எண்ணூர் முகத்துவாரத்திற்கு வடக்கே, அனல்மின் நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் இடையிலுள்ள ஊராட்சிகளில் நாம் பணியாற்றி வருகின்றோம். எண்ணூரும் திருவொற்றியூரும் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்துவிட்டன. ஆயினும் சிக்கலான பிரசவம் என்றால் நம் பெண்களிற் பலர் அவ்விரு ஊர்களையும் கடந்து, இராயபுரத்திலுள்ள இராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனைக்குச் செல்கின்றனர். சுகப்பிரசவமாயின் இரண்டொரு நாட்களில் வீடு திரும்பிவிடுகின்றனர். பால் பெருகத் தொடங்குவதோ பெரும்பாலும் மூன்றாம் நாளில்தான்; தலைப்பிரசவமாயின் இன்னும் சற்றுத் தாமதமாகலாம். ஆக, தொல்லை தலைகாட்டும் வேளையில் அருகில் செவிலியர் இருப்பதில்லை. இருப்பவர்கள் உற்றாரும், தெருமுனை மருந்துக்கடைக்காரரும்தான்.

சென்ற ஆண்டு நாம் சென்றிருந்த ஒரு குப்பத்தில், ஐந்து நாள் குழந்தையுடன் இருந்த இளந்தாய் ஒருத்தியைக் கண்டோம். கணவர் சரக்குப்பெட்டகக் கிடங்கில் ஒப்பந்தத் தொழிலாளி. முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. மார்பு பால்கட்டிக் கல்லாக இறுகியிருந்தது. “பால் ஊறல சார், சக்கரைத் தண்ணிதான் குடுக்கறோம்” என்றார் மாமியார். திண்ணையில் ஒரு பால்மாவு டின்னும், அட்டைப்பெட்டியில் சிலிக்கோனால் ஆன காம்புக் கவசம் ஒன்றும் இருந்தன. மருந்துக்கடையில் ‘நிப்பிள் ஷீல்டு’ என்று விற்கப்படுவது இதுவே. எந்த அளவு, எப்படி அணிவது, எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை.

பால் ஊறவில்லை என்ற கூற்றே அங்குத் தவறு. பால் இருந்தது, வெளியேறவில்லை. முதல் இரு நாட்களில் சுரக்கும் சீம்பால் சில தேக்கரண்டி அளவே. பிறந்த சிசுவின் சின்னஞ்சிறு வயிற்றிற்கு அது போதும். அது போதாதென்று எண்ணிச் சேனை வைப்பதும், சர்க்கரை நீர் புகட்டுவதும் குழந்தையின் பசியை மழுங்கச் செய்கின்றன. குழந்தை உறிஞ்சாவிடில் சுரப்பும் குறைகின்றது. டின் பாலோ கூலியில் பெரும்பங்கை விழுங்குவதுடன், தூய நீர் கிட்டாத இடங்களில் வயிற்றுப்போக்கிற்கும் வழிசெய்யும்.

எம்முடன் வந்த கிராம சுகாதாரச் செவிலியர் கவசத்தைத் தொடவேயில்லை. முதலில், “ஆயா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று மாமியாரை நகர்த்திவிட்டு, தாயைச் சுவரில் சாய்ந்து அமரச் செய்தார். மார்பை வெந்நீர் ஒத்தடத்தால் இளக்கி, கையால் சிறிது பாலைப் பீய்ச்சிக் கருவளையத்தை மென்மையாக்கினார். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டுமாறு அணைத்து, அது வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்தார். காம்பை மட்டுமன்றிக் கருவளையத்தின் பெரும்பகுதியையும் குழந்தை கவ்வ வேண்டும். காம்பு வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், அதன் நுனியை மட்டும் குழந்தை சப்புவதே.

ஒரு பக்கம் பற்றிக்கொண்டது. மறுபக்கத்துக் காம்பு உட்குழிந்திருந்ததால் அங்கு நழுவியது. இதற்குக் கர்நாடகத்தின் தாவணகெரே மருத்துவர்கள் 1993இல் எழுதிய எளிய உபாயம் ஒன்று உண்டு. பத்து மில்லி ஊசிக்குழாயின் ஊசி பொருத்தும் முனையை வெட்டியெறிந்து, தண்டை வெட்டிய பக்கமாகச் செருகுவர். மழமழப்பான மறுபக்கத்தைக் காம்பின் மேல் வைத்து, வலியெடுக்காதபடி தண்டை மெல்ல இழுத்து அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நிறுத்துவர். பிரசவத்திற்குப் பின், ஒவ்வொரு முறை பாலூட்டுமுன் இதைச் செய்யலாம். அதுவரை பீய்ச்சிய பாலைப் பாலாடையால் புகட்ட வேண்டும். நம் பாட்டிமார் கைக்கொண்ட பாலாடை, கழுவுவதற்கு எளிதென்பதால், புட்டியைவிடப் பன்மடங்கு மேலானது.

இவ்வளவும் செய்து பலிக்காதபோதே கவசம். அதன் பழங்கதை அச்சந்தருவது: ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஈயத்தாலும் கவசம் செய்தனர், அதனால் குழந்தைகளுக்கு நஞ்சேறியது. இன்றைய மெல்லிய சிலிக்கோன் கவசத்தில் அந்த ஆபத்தில்லை. ஆயினும் அது யாருக்கு என்பதைத் தெளிய வேண்டும். குறைமாதக் குழந்தைகள் 34 பேரைக் கொண்டு அமெரிக்காவில் 2000இல் வெளியான ஆய்வில், கவசமின்றிச் சராசரி 3.9 மில்லி குடித்த குழந்தைகள் கவசத்துடன் 18.4 மில்லி குடித்தனர். உறிஞ்சும் வலுவற்ற சிசுவுக்கு அது கைகொடுக்கின்றது. ஆனால் பிரிட்டனில் 1980இல் செய்த ஆய்வொன்றில், பழைய தடித்த வகைக் கவசம் குழந்தைக்குக் கிட்டும் பாலை 58 விழுக்காடு குறைத்தது. கவசம் பாலைச் சுரக்கச் செய்வதில்லை. மார்பு முழுதும் காலியாகாவிடில் நாளடைவில் சுரப்பு வற்றும். இதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

நம் இளந்தாய்க்கு மறுபக்கத்திற்கு மட்டும் கவசம் தேவைப்பட்டது. வாங்கியிருந்தது சிறிய அளவு, காம்பை நெரித்தது. 16, 20, 24 மில்லிமீட்டர் எனப் பல அளவுகள் உள்ளமையால் காம்பின் பருமனைப் பார்த்தே வாங்க வேண்டும். புதியதை நீரில் நனைத்து, பாதி வெளிப்புறம் திருப்பிக் காம்பின் மேல் பொருத்தினால், திரும்புகையில் காம்பு உள்ளே இழுக்கப்படும். வெட்டுள்ள விளிம்பு குழந்தையின் மூக்குப் பக்கம் இருக்க வேண்டும். குடித்து முடித்தபின் கவசத்தினுள் பால் தெரிவது நல்ல அறிகுறி. அதன்பின் மார்பில் எஞ்சுவதைப் பீய்ச்சிவிட வேண்டும். கவசத்தைச் சோப்பு நீரில் கழுவிக் கொதிநீரில் இட வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது எடை. முதல் நாட்களில் குழந்தை சிறிது எடை குறைவது இயல்பு; இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடையை எட்டிவிட வேண்டும். ஐந்தாம் நாளுக்குப்பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்க வேண்டும். பத்து விழுக்காட்டிற்கு மேல் எடை குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து உறங்கியே கிடந்தாலோ வீட்டுப் பக்குவம் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தாய்க்குக் காய்ச்சலும் மார்பில் சிவந்த வீக்கமும் கண்டாலும் அவ்வாறே; மார்புக்காய்ச்சல் என்று பாலை நிறுத்திவிடுவது கட்டை மேலும் இறுக்கும்.

செவிலியர் வாரம் இருமுறை தராசுடன் அக்குப்பத்திற்குச் சென்று வந்தார். பன்னிரண்டாம் நாளில் குழந்தை பிறந்த எடையை மீட்டது. ஐந்தாம் வாரத்தில் ஓர் இரவு, குழந்தை அரைத் தூக்கத்தில் குடித்துக்கொண்டிருக்கையில் தாய் கவசத்தை மெல்ல எடுத்துவிட்டார். அது விடாமல் குடித்தது. டின்னில் மிஞ்சிய மாவை என்ன செய்வதென்று மாமியார் எம்மைக் கேட்டார்.