தண்டுவடம் அடிபட்டாலும் தொழில் உண்டு, ஓட்டமும் உண்டு

தென்னை ஏறும்போது வழுக்கி விழுதல், கிணற்று மேட்டில் கால் தவறுதல், வைக்கோல் பாரத்தின் மேலிருந்து சரிதல், டிராக்டர் கவிழ்தல், பைக் விபத்து என்று கிராமங்களில் முதுகுத் தண்டுவடம் அடிபடப் பல வழிகள் உண்டு. ஒரு நொடியில் நடந்துவிடும். அதன் பிறகு குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "இனி இவர் வேலை செய்ய முடியுமா?" என்பதுதான்.

சொட்டுநீர்ப் பாசனத்தில் மெயின் குழாய் நடுவில் நசுங்கிவிட்டால் மோட்டார் நன்றாக ஓடும். சொட்டுவானும் நன்றாக இருக்கும். ஆனால் தண்ணீர் போய்ச் சேராது. தண்டுவடக் காயமும் அப்படித்தான். மூளையும் நலம், காலும் நலம். இடையில் செய்தி போவதில்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் குறையும் அல்லது நின்றுவிடும். மேலே உள்ள பலம் அப்படியே இருக்கும். அதை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு இரண்டு பேர் சான்று.

வேலூர் டாக்டர்

கொச்சியில் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த இளம் மருத்துவர். 1954-ல் நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. அறுவை சிகிச்சை நிபுணராகும் கனவு முடிந்ததாகவே தோன்றியது.

அங்கு பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையில் பேர்பெற்றவர். கைக்குச் செய்யும் அந்தச் சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்தே செய்யலாம். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அதைச் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் தொடங்கியது. 1972-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர் தொழிலை விடவில்லை. அதே தொழிலில் உட்கார்ந்து செய்யக்கூடிய பகுதி எது என்று பார்த்தார். நமக்கும் அதுதான் பாடம்.

சுவிஸ் ஓட்டக்காரர்

ஹைன்ஸ் ஃபிரை சுவிட்சர்லாந்துக்காரர். மலையோட்டத்தில் ஆர்வம் கொண்டவர். 1978-ல், 20 வயதில், மலையில் ஓடும்போது விழுந்து கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலி மாரத்தானுக்கு மாறினார். மூன்று சக்கர வண்டியில் அமர்ந்து கைகளால் சக்கரத்தைத் தள்ளி 42.195 கிலோமீட்டர் போவது அந்தப் போட்டி. 1999-ல் ஜப்பானின் ஓய்டா நகரில் 1 மணி 20 நிமிடம் 14 விநாடியில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 31 கிலோமீட்டருக்கும் மேல்! அந்த உலக சாதனை 2021 வரை நின்றது. அதே 2021-ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில், 63 வயதில், கையால் மிதிக்கும் சைக்கிள் போட்டியில் வெள்ளி வென்றார்.

காப்பாற்ற வேண்டியவை

இந்த இருவரையும் போல் இயங்க, தினசரிக் கவனிப்பு தேவை.

தோல்: உணர்ச்சியற்ற இடத்தில் புண் வந்தாலும் தெரியாது. நாற்காலியில் இருப்பவர் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கையூன்றி உடலைத் தூக்க வேண்டும். படுத்திருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தினமும் பிட்டம், குதிகால் பார்க்க வேண்டும். வெயிலில் காய்ந்த டிராக்டர் சீட்டும் வெந்நீரும் சுட்டுவிடும், கவனம்.

சிறுநீர்: மருத்துவர் சொன்ன முறையில், சொன்ன நேரத்தில் வெளியேற்ற வேண்டும். தேங்கினால் சிறுநீரகம் கெடும்.

வெயில்: அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை குறைவதால் உடல் சீக்கிரம் சூடாகும். வயலுக்குப் போனால் காலை, மாலை மட்டும். நிழலும் ஈரத்துணியும் அவசியம்.

தோள்: நடக்கவும் உழைக்கவும் இனி கைதான். அதிகப் பாரம் தூக்கித் தோளைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

பண்ணையில் என்ன செய்யலாம்?

குழித்தட்டு நாற்று, ஒட்டுக் கட்டுதல், விதை நேர்த்தி, பால் கணக்கு, செல்போன் ஸ்டார்ட்டரில் மோட்டார் இயக்குதல் எல்லாம் உட்கார்ந்தே செய்யலாம். மேசையை நாற்காலி உள்ளே நுழையும் உயரத்தில் அமையுங்கள். வாசல் படிக்குப் பதில் சாய்தளம் போடும்போது 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வையுங்கள். அடையாள அட்டை, சக்கர நாற்காலி, உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

விழுந்தவுடன்

மேலிருந்து விழுந்தவரை எழுப்பி உட்கார வைக்காதீர்கள். தோளில் தூக்கிப் போகாதீர்கள். பைக்கில் ஏற்றாதீர்கள். முதுகை நீவி விடாதீர்கள். தலை, கழுத்து, முதுகு அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். தூக்கியே ஆக வேண்டுமானால், நாலைந்து பேர் சேர்ந்து, உடல் வளையாமல், ஒரே பலகைபோல் உருட்டி அகலப் பலகையில் கிடத்துங்கள். அவசரப்பட்டுத் தூக்கினால் பாதி அடிபட்ட நரம்பு முழுதும் அறுந்துபோகலாம். மரம் ஏறுபவர் வீட்டில் எல்லோரும் இதை அறிந்திருக்க வேண்டும்.