ஏழு நிமிடமும் எட்டு மணி நேரமும்

முதுகுன்றம் என்று தமிழால் அழைக்கப்பட்ட ஊர் விருத்தாசலம். பக்தனுக்கு அங்கே கோயில் உண்டு. பயணிக்கு ரயில் சந்திப்பு உண்டு. பாட்டாளிக்கோ பீங்கான் சூளை உண்டு. அந்தச் சூளையின் அனலிலே நின்று உழைப்போர் வீட்டுப் பிள்ளைகளின் கால்களைப் பற்றித்தான் இன்று நாம் பேச வந்தோம். "கால்களைப் பற்றியா? நாட்டிலே பேச வேறு பொருளே இல்லையா?" என்று எவரேனும் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்! காக்கிச் சட்டை கிடைக்குமா, கிடைக்காதா என்று தீர்ப்புச் சொல்வது அந்தக் கால்களன்றோ!

தமிழகக் காவல்துறையிலே இரண்டாம் நிலைக் காவலராகச் சேர விரும்பும் ஆண்மகன், 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடிக் காட்ட வேண்டும். எழுத்துத் தேர்விலே வென்றவன்கூட, இங்கே ஐந்து விநாடி தாமதித்தால் வீடு திரும்ப வேண்டியதுதான். தாயின் கனவும் தங்கையின் படிப்பும் அந்த ஐந்து விநாடியிலே அடிபட்டுப் போகும்.

இதற்கு நம் இளைஞர்கள் செய்வதென்ன? தேர்வு அறிவிப்பு வரும்வரை சும்மா இருப்பது. வந்தவுடன் விடியற்காலையில் எழுந்து, நாள்தோறும் உயிரைக் கொடுத்து ஓடுவது. முதல் வாரம் நேரம் குறையும்; மார்பு நிமிரும். மூன்றாம் வாரம் கணைக்கால் எலும்பிலே வலி பிடிக்கும். நான்காம் வாரம் பிள்ளை நொண்டுவான். "ஒரே மாதத்தில் தேர்ச்சி" என்று ஆசை காட்டிக் கட்டணம் வாங்குவோரும் இருக்கிறார்கள். வலிக்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர்!

செராமிக் தொழிற்பேட்டைத் தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா? ஈரம் உலராத பச்சைப் பாத்திரத்தைச் சூளையிலேற்றி, எடுத்த எடுப்பிலே நெருப்பைக் கூட்டினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை வெடிக்க வைக்கும். 573 டிகிரியைத் தொடும்போது மண்ணிலுள்ள குவார்ட்ஸ் உருமாறி விரிகிறது. அங்கே அவசரப்பட்டால் விரிசல். சூளை ஆறும்போதும் அப்படியே. மண்ணுக்குக் காட்டும் பொறுமையை மகனுக்குக் காட்டலாகாதா?

உடலும் படிப்படியாகத்தான் பழுக்கும். மெதுவாக, நெடுநேரம் ஓட ஓட, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசைக்குள்ளே நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. மூச்சு விரைவிலே பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பின்தங்கித்தான் வரும். மூச்சை நம்பி எலும்பை விரட்டுகிறவன்தான் நொண்டுகிறான்.

இது ஏட்டுச் சுரைக்காயன்று. நியூசிலாந்திலே செருப்புத் தொழிற்சாலையில் உழைத்தவர் ஆர்தர் லிடியார்ட். தம் உடலிலேயே சோதித்துப் பார்த்து, வாரத்திற்கு 160 கிலோமீட்டர் ஓடும் முறையைக் கண்டார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்நெல் பந்தயத்தில் ஓடியதோ 800 மீட்டர். பயிற்சியில் ஒரே மூச்சாக ஓடியதோ 35 கிலோமீட்டர்! 1960இல் ரோம் ஒலிம்பிக்கிலே ஒரே நாளில் ஸ்நெல்லும் ஹால்பெர்க்கும் தங்கம் வென்றனர். செக்கோஸ்லோவாகியாவின் எமில் சாதொபெக்கும் பாட்டா செருப்பாலைத் தொழிலாளிதான். தூரத்தைச் சிறு துண்டுகளாக்கித் திரும்பத் திரும்ப ஓடிய அவர், 1952இல் ஹெல்சிங்கியிலே 5000, 10000 மீட்டரோடு மாரத்தானையும் வென்றார்.

இவ்விருவர் முறையையும் நம் பிள்ளைக்குப் பொருத்துவோம். 1500 மீட்டரை 300 மீட்டராகப் பிரித்தால் ஐந்து துண்டு. ஒவ்வொன்றுக்கும் 84 விநாடி. வாரத்தில் ஒருநாள், துண்டொன்றுக்கு 80 விநாடி வீதம் ஐந்து முறை ஓடட்டும். இடையிலே இரண்டு நிமிடம் நடக்கட்டும். இன்னொரு நாள் இருபது நிமிடம் சற்று விரைந்த ஓட்டம். நான்கு நாள், பக்கத்தில் வருபவனோடு பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக, அரை மணி முதல் முக்கால் மணி வரை. பேச்சுத் திணறினால் வேகம் மிகை என்று பொருள். ஏழாம் நாள் முழு ஓய்வு. அறிவிப்புக்குக் காத்திராமல் ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். தேர்வன்று முதல் 300ஐ 65 விநாடியில் பாய்ந்து வீரம் காட்டுகிறவன், கடைசி 300இல் அதற்கு வட்டி கட்டுவான்.

கடிகாரத்தைக் கண்டு மனமொடியவும் வேண்டாம். புதுக்கோட்டை மண் தந்த ஓட்டக்காரர் இலட்சுமணன், 2017 ஜூலையில் புவனேசுவரத்திலே ஆசியத் தங்கம் வென்றபோது 5000 மீட்டருக்கு எடுத்தது 14 நிமிடம் 54 விநாடி. அடுத்த மாதமே இலண்டன் உலகப் போட்டியில் 13 நிமிடம் 35 விநாடியில் ஓடினார். இறுதிச் சுற்றுக்கே போகவில்லை! கால்கள் அவையே, காற்றும் களமும் உடன் ஓடியோரும் வேறு. புழுக்கத்திலே ஓடிய நேரத்தைக் குளிரிலே ஓடியவன் நேரத்தோடு ஒப்பிடாதீர்.

எல்லாம் சரி, இரவுப் பணி முடித்து வருகிறவன் எப்போது உறங்குவது? ஓடும்போது உடல் தேய்கிறது, உறங்கும்போதுதான் வலுக்கிறது. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு என்று 1886இல் சிகாகோத் தொழிலாளர் கேட்டதும், 1923இல் சிங்காரவேலர் சென்னையிலே மே நாள் கொண்டாடியதும் இந்த உறக்கத்துக்கும் சேர்த்துத்தான். ஆகவே தொழிற்சங்கத் தோழர்களை நாம் கேட்டுக்கொள்வது இது: தேர்வுக்குப் பெயர் கொடுத்த இளைஞனுக்குக் கடைசி மூன்று மாதம் பகல் முறையை வாங்கிக் கொடுங்கள். பள்ளி, கல்லூரித் திடல்களின் கதவைக் காலை ஐந்து மணிக்குத் திறக்கச் சொல்லி நகராட்சியிடமும் நிர்வாகங்களிடமும் மனுக் கொடுங்கள். லாரி பாயும் சாலையிலே இருட்டில் நம் பிள்ளைகள் ஓட வேண்டாம்.