கைக்கடிகாரத் தொழில்: நேற்றும் இன்றும்

மாஹிமில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தந்தையார் கட்டிய பழைய கைக்கடிகாரம் ஒன்று பெட்டியில் உறங்கிக் கிடக்கும். அதற்கு நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டும். மகன் கட்டியிருக்கும் கடிகாரத்துக்கோ சிறு பாட்டரி ஒன்றே போதும். இவ்வொரு மாறுதல் நம் நாட்டின் கடிகாரத் தொழிலையே புரட்டிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பின்னரும் சில காலம் நாம் ஸ்விஸ் கடிகாரங்களையே பெரிதும் நம்பியிருந்தோம். கள்ளக் கடத்தலும் மலிந்திருந்தது. இக்குறையைப் போக்க, மத்திய அரசின் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் ஸ்தாபனம், ஜப்பானின் ஸிடிஸன் கம்பெனியுடைய ஒத்துழைப்போடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கிற்று. அதன் 'ஜனதா' கடிகாரம் எளியோர் கைக்கும் எட்டியது.

இக்கடிகாரத்தை இயக்குவது சுருள்வில். அதன் விசையால் உள்ளே ஒரு சிறு சக்கரம் இங்குமங்கும் ஊசலாடும். வினாடிக்கு 5 துடிப்பு. எண்ணெய் உலர்ந்தாலும், வெப்பம் மாறினாலும் துடிப்புத் தடுமாறும்.

1969-இல் ஜப்பானின் ஸெய்கோ கம்பெனி குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று பரவலாக வழங்கும் குவார்ட்ஸ் கடிகாரத்தில் பளிங்குத் துண்டு ஒன்று மின்விசையால் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வெண்ணை 15 தடவை பாதியாக்கினால் ஒன்று மிஞ்சும். அதுவே ஒரு வினாடி. துடிப்பு மிகுந்ததால் பிழை குறைந்தது. உறுப்புகள் குறைந்ததால் விலையும் இறங்கிற்று.

பெங்களூர் ஸ்தாபனமும் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்தது. எனினும் தான் தேர்ச்சி பெற்றிருந்த சுருள்வில்லையே அது பெரிதும் நம்பியிருந்தது. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக நிறுவிய டைட்டன், ஓசூரில் ஆலை அமைத்து, தொடக்கமுதலே குவார்ட்ஸை முன்னிறுத்தியது. சந்தை அதன் பக்கம் சாய்ந்தது. சுவர்க்கடிகாரத் தொழில் குஜராத்தின் மோர்பி நகரில் செழித்தது. 2016-இல் ஹெச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

கைத்திறன் குறைந்ததால் நேர்ந்த வீழ்ச்சியன்று இது. காலத்தைக் காட்டும் கருவியைச் செய்தவர்கள், காலத்தின் மாறுதலை உரிய வேளையில் ஏற்கவில்லை. ஆயினும், இத்தொழிலை நாமும் செய்யவியலும் என்று முதலில் மெய்ப்பித்தவர்கள் அவர்களே. பெட்டியில் உறங்கும் அப்பழைய கடிகாரத்தைத் துடைத்து, எண்ணெயிட்டுச் சாவி கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது மீண்டும் ஓடத் தொடங்கும்.