கண்காட்சி காணப் போவோர்க்கு

நாவற்குடாவிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கருமம் பற்றியே செல்வர். வைத்தியரைக் காணுதல், கடவுச்சீட்டுப் பெறுதல், நேர்முகப் பரீட்சை, உறவினர் வீட்டுத் திருமணம் என்பன அவற்றுட் சில. கருமம் முடிந்த அன்றிரவே வண்டியேறி, விடியும் வேளையிற் கல்லடிப் பாலத்தைக் கடந்து வீடு வந்து சேர்ந்துவிடுவர். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணஞ் செய்து போயும், அந்நகரத்து நூதனசாலையிற் சில வாரங்கள் மட்டுமே வைக்கப்பட்டிருந்த ஒரு கண்காட்சியைப் பார்த்து வந்தோம் என்று கூறுவோர் நம்மிடையே மிகச் சிலர். "அதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பர் பெரியோர். "பார்த்து ஆவதென்ன?" என்பர் மாணவர். இவ்விரு கேள்விகளும் புறக்கணிக்கத் தக்கன அல்ல. பயணச் செலவையும் ஒரு நாள் ஊதியத்தையும் இழந்து செல்லும் குடும்பத்துக்கு, அவ்விழப்புக்கு ஈடாக ஏதேனும் கிடைத்தாக வேண்டும். அது யாது என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

நூதனசாலையில் நிலையாக இருக்கும் காட்சி வேறு. நாட்குறித்து வைக்கப்படும் கண்காட்சி வேறு. பின்னதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது இடம். இலண்டன் மாநகரிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் ஏறத்தாழ 80 இலட்சம் பொருள்கள் உள்ளன என்பர். அவற்றுள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பவை நூற்றுக்கு ஒன்று அளவே. எஞ்சியவை களஞ்சியத்தில் உறங்குகின்றன. கண்காட்சி நடைபெறும்போதே அவற்றிற் சில விழித்தெழுகின்றன. இரண்டாவது ஒளி. பட்டு, பருத்தி, காகிதம், நீர்வண்ண ஓவியம் முதலியன வெளிச்சம் படப்பட நிறம் மங்குவன. மங்கிய நிறம் மீண்டும் வருவதில்லை. ஆதலால் அத்தகையவற்றை 50 லக்ஸ் அளவான மெல்லொளியிற் சில மாதங்கள் மாத்திரம் வைத்துப் பின்னர் இருட்டறைக்கு அனுப்பிவிடுவர். மண்டபம் மங்கலாக இருப்பது கண்டு, மின்சாரத்தைச் சிக்கனம் பண்ணுகிறார்கள் என்று யாரும் எண்ண வேண்டா. மூன்றாவது இரவல். பிற நாட்டாரும் பிறரும் தந்த பொருளைக் குறித்த நாளில் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

ஆகவே, இத்தகைய காட்சிகளைத் தவறவிட்டவருக்கு அவை மீண்டும் கிட்டுவது அரிது. 1972ஆம் ஆண்டில், எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறைப் பொருள்களுள் 50ஐ மாத்திரம் இலண்டனுக்குக் கொணர்ந்து காட்சிக்கு வைத்தனர். அவற்றைக் காணப் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். பொருள்கள் ஐம்பதே, ஆயினும் ஒவ்வொன்றும் ஒரு காரணம் பற்றித் தெரிந்தெடுக்கப்பட்டது. கண்காட்சியின் உயிர் இத்தெரிவிலேதான் இருக்கிறது. யாரோ ஒருவர் ஆயிரம் பொருள்களை நீக்கிச் சிலவற்றை நம் முன் வைத்து, ஒரு கதையைச் சொல்ல முற்படுகிறார். அக்கதை யாது, அதில் யார் உளர், யார் இலர் என்று கேட்பதே பார்வையாளரின் பங்கு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பு கறுவாத்தோட்டத்திலுள்ள தேசிய நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, தேசாதிபதி வில்லியம் கிறெகரியின் காலத்திலே திறக்கப்பெற்றது. வெண்ணிறமான அம்மாளிகையைக் கட்டி முடித்தவர் வாப்புச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் பெருமகனார். கண்டி மன்னர்களின் சிங்காசனம் அங்கே இருக்கிறது. ஒல்லாந்தர் 1693இல் மன்னனுக்குப் பரிசாக அளித்த அச்சிங்காசனத்தை 1815இல் ஆங்கிலேயர் கைப்பற்றிச் சென்றனர். 1934இல் அது மீண்டும் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனே அதில் வீற்றிருந்த கடைசி மன்னன்.

இதே போன்ற மற்றொரு மீட்சியை அண்மையிலும் கண்டோம். 1638இல் நமது புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், 1765இல் கண்டி நகருட் புகுந்து அரண்மனையைச் சூறையாடினர். அக்காலத்திலே கொண்டு செல்லப்பட்ட பொருள்களுள் ஆறு, 2023ஆம் ஆண்டின் இறுதியில் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்து கொழும்பு நூதனசாலையிற் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கியொன்று அவற்றுட் சிறந்தது. லெவ்கே திசாவை என்னும் பிரதானி தம் மன்னருக்குக் காணிக்கையாக அளித்தது அது. கஸ்தானை என்னும் வாள்களும், ஒரு கத்தியும், இரு பெருந் துவக்குகளும் ஏனையவை. அவை எவ்வாறு ஒல்லாந்து சென்றன என்பதை இரு நாட்டு ஆய்வாளரும் கூடி ஆராய்ந்த பின்னரே திருப்பிக் கொடுக்கும் முடிவு பிறந்தது. பீரங்கியின் அழகை மாத்திரம் கண்டு திரும்பியவர் பாதியையே கண்டவர். 'இது எவ்வழியாக இங்கு வந்தது?' என்று கேட்டவரே முழுவதையுங் கண்டவர்.

கண்காட்சிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் அதே கட்டிடத்திலுள்ள ஒரு கல்லையும் அவசியம் பார்த்தல் வேண்டும். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொணர்ந்து நாட்டிய மும்மொழிக் கல்வெட்டு அது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தபிரானைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்கு உரியது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவின் கரையில் தமிழ் ஓர் உலக வணிக மொழியாக விளங்கியது என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமோ? ஆயினும் 1911இல் காலி நகரிலே அதனைக் கண்டெடுத்தபோது, அது ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. நாளெல்லாம் அதன்மேல் நடந்தோர் அதன் அருமையை அறிந்திலர்.

பழமை ஒன்றே கண்காட்சிக்கு உரியது என்பதும் அன்று. தற்கால ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உரிய நூதனசாலையொன்று 2019ஆம் ஆண்டு டிசம்பரிற் கொழும்பில் தொடங்கப்பெற்றது. சுதந்திரத்துக்குப் பிந்திய கலைஞர்களின் ஆக்கங்களைத் தொகுத்துக் காட்டிய அதன் முதற் கண்காட்சி, கவிஞர் சேரனின் கவிதையொன்றிலிருந்து தன் தலைப்பைப் பெற்றது. சில மாதங்களில் வந்த பெருந்தொற்று, கதவுகளை அடைக்கச் செய்தது. 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்றிருந்தோர் ஏமாந்தனர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் விளக்கம் தருவதை இந்நூதனசாலை தன் வழக்கமாகக் கொண்டுள்ளது. இஃதன்றி, கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் பெயர் தாங்கிய வீதியிலே, 1993 முதலாக ஆண்டின் தொடக்க மாதங்களில் 'கலா பொல' என்னும் ஓவியச் சந்தை கூடி வருகிறது. ஓவியரோடு நேரே உரையாட விரும்பும் மாணவருக்கு ஏற்ற இடம் அது.

குடும்பத்தோடு செல்வோர்க்குச் சில யோசனைகள் கூறுவோம். புறப்படுமுன் தொலைபேசியில் அழைத்து, கண்காட்சி இன்னும் நடைபெறுகிறதா, எந்நாளில் விடுமுறை என்பவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லா மண்டபங்களையும் ஓடிப் பார்க்க முயலாதீர்கள். கால் நோவதே மிஞ்சும். முதலிற் பொருளைப் பாருங்கள். பின்னர் விளக்கத்தைப் படியுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரு பொருளைத் தெரிந்து, அதனைத் தன் கொப்பியில் வரைந்து, மூன்று கேள்விகளுக்கு விடை எழுதட்டும்: இது எதனாற் செய்யப்பட்டது? யார் பயன்படுத்தினர்? இங்கே எவ்வாறு வந்தது? தமிழ் விளக்கம் குறைவாகவோ பிழையாகவோ இருப்பின், பார்வையாளர் பதிவேட்டிற் பணிவாகவும் தெளிவாகவும் எழுதி வையுங்கள். கண்டும் காணாதார் போல வருவது நமக்குப் பெருமை அன்று.

மூன்றாவது கேள்வி நம்மை நம் கரைக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. பிரித்தானிய நூதனசாலையில் தாராதேவியின் செப்புத் திருவுருவம் ஒன்று நிற்கிறது. பொன் முலாம் பூசிய அவ்வுருவம் 143 சென்றிமீற்றர் உயரமானது. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையானது. தேசாதிபதி பிறவுண்றிக் 1830இல் அதனை அங்கே ஒப்படைத்தார். அது கண்டெடுக்கப்பட்ட இடம் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரை என்றே குறிக்கப்பட்டுள்ளது. எந்த ஊர், எந்த நிலம், உடன் கிடந்தவை யாவை என்பன எழுதப்படவில்லை. பொருள் பிழைத்தது; அதன் ஊர்க்கதை அழிந்தது.

நம் வீடுகளில் உள்ளவற்றின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவற்றில் பொருளும் பிழைப்பதில்லை; கதையும் பிழைப்பதில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியிலும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த கடற்கோளிலும் இக்கரையோரக் குடும்பங்கள் உயிர்களை இழந்தன, வீடுகளை இழந்தன, அவற்றோடு ஏடுகளையும் படங்களையும் பெட்டகங்களையும் இழந்தன. தப்பியவற்றைச் செல்லும் கறையானும் பழைய இரும்பு வியாபாரியும் கொண்டு போகின்றனர். முற்றத்து மல்லிகை மணக்காது என்பது பழமொழி. வட்டாவும் பாக்குவெட்டியும், கூத்தரின் கரப்புடுப்பும் கிரீடமும், வாவியில் மீன் பிடித்த அத்தாங்கும் கரப்பும், பன்பாயும் நமக்கு வெறும் தட்டுமுட்டுச் சாமான்கள். அவற்றையே கண்ணாடிப் பேழைக்குள் வைத்து மெல்லொளி பாய்ச்சினால், காசு கொடுத்துப் பார்ப்போம்!

பேணுவோர் இருந்தால் பொருள் வாழும் என்பதற்கு நம்மவரே சான்று. கண்ணகியம்மன் கோயில்களில் ஏட்டில் இருந்த 'கண்ணகி வழக்குரை'யைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் அச்சில் ஏற்றினார். 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு சென்றார். களரியிற் கண்டு பழகியவரும் அதன் பெருமையைப் புதிதாக உணர்ந்தனர். நாவற்குடாவுக்கு அயலூரான காத்தான்குடியில் 2015இல் திறக்கப்பெற்ற பூர்வீக நூதனசாலையோ, அவ்வூர் மக்களின் வாழ்க்கையையே காட்சிப் பொருளாக்கிற்று. கொழும்புக்குப் போக வசதியில்லாதோர் அங்கிருந்தே தொடங்கலாம்.

ஆகவே, கண்காட்சியால் ஆவதென்ன என்று கேட்ட மாணவருக்கு நாம் கூறும் விடை இது: பார்க்கும் கண் கிடைக்கிறது. அக்கண்ணோடு ஊர் திரும்பியவர், பாடசாலை மண்டபத்திலோ வாசிகசாலையிலோ மூன்று நாட் கண்காட்சியொன்று வைக்கலாம். பத்து வீடுகளிலிருந்து பத்துப் பொருள்கள் போதும். ஒவ்வொன்றின் அருகேயும் அதன் பெயரையும், பயன்படுத்தியவரையும், அது வந்த வழியையும் நான்கு வரிகளில் எழுதி வைக்க வேண்டும். வீட்டிலுள்ள மூத்தோரைக் கேட்டே அவ்வரிகளை எழுத முடியும். அவர்களும் நாட்குறித்து வந்தவர்களே. கேட்க வேண்டியதை இன்றே கேட்டு வைப்போமாக.