யூக்கா: முள்முனைத் தாவரமொன்றின் வழக்குப் பெயர்களும் பெயரீட்டு நெறியும்

முன்னுரை

பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுப்பது தமிழ் இலக்கண மரபு. தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்பெறும் யூக்காவின் பெயர்களை இப்பகுப்பின்வழி நோக்கின், பேரினப் பெயர் பிழையான காரணத்தாலும் வழக்குப் பெயர்கள் மெய்யான காரணத்தாலும் அமைந்தமை புலனாகும். இவ்வேறுபாடு தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கு உணர்த்துவதனை இக்கட்டுரை விளக்குகிறது.

பேரினப் பெயர்

யூக்காவின் தாயகம் அமெரிக்கக் கண்டமும் கரீபியத் தீவுகளும் ஆகும். 'யுக்கா' என்பது கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் மரவள்ளிக்கு வழங்கிய பெயர்; ஸ்பானிய மொழியில் இன்றும் அது மரவள்ளியையே குறிக்கிறது. 1597இல் வெளிவந்த தம் மூலிகை நூலில் ஜான் ஜெரார்டு இத்தாவரத்தை மரவள்ளியெனக் கருதி அப்பெயரிட்டார். 1753இல் லின்னேயசு அதனையே பேரினப் பெயராக நிலைபெறச் செய்தார். எனவே, பிறிதொரு பயிரின் பெயர் இதற்கு இடுகுறியாய் எஞ்சியது.

வழக்குப் பெயர்கள்

வழக்குப் பெயர்கள் பெரும்பாலும் இலையை நோக்கி எழுந்தவை. யூக்கா ஃபிலமென்டோசாவின் இலைநுனி கூரியது. விளிம்பில் சுருண்ட நாரிழைகள் தொங்கும். ஆங்கில வழக்கு இதனை 'ஆதாமின் ஊசி' என்கிறது. ஊசியும் நூலும் ஓரிலையிலேயே அமைந்தமை காரணம். யூக்கா அலோயிஃபோலியா 'ஸ்பானியத் துப்பாக்கிமுனைக் கத்தி' எனவும், யூக்கா குளோரியோசா 'ஸ்பானியக் குறுவாள்' எனவும் வழங்கும். இவை வடிவுவமை பற்றியன. தீண்டுவோர்க்கு எச்சரிக்கையும் ஆவன. யூக்கா எலாட்டாவின் வேரிலுள்ள சபோனின் நீரில் நுரைக்கும். ஆதலின் அது 'சோப்பு மரம்' எனப்படும். இது பயன்பற்றிய பெயர்.

தமிழில் பெயரீடு

வடிவொப்புமையால் பெயரிடுதல் தமிழுக்கும் உரியது. சோற்றுக்கற்றாழையும் ஆனைக்கற்றாழையும் வெவ்வேறு பேரினத்தன. தடித்த நீளிலையே அவற்றை ஒருபெயர்ப்படுத்தியது. 'அலோயிஃபோலியா' என்பதற்கும் கற்றாழை இலையுடையது என்பதே பொருள். ஆயினும், யூக்காவையும் 'கற்றாழை' என்றல் பொருந்தாது. சோற்றுக்கற்றாழையின் உணவு, மருந்துப் பயன்களை அப்பெயர் இதன்மேலும் ஏற்றிவிடும். மொழிபெயர்ப்பில் மரவள்ளியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லை 'யூக்கா' என ஒலிபெயர்ப்பின், உண்ணும் கிழங்கும் அழகுச்செடியும் ஒன்றாய் மயங்கும்.

முடிவுரை

யூக்கா என்னும் இடுகுறியைப் பொதுப்பெயராகக் கொண்டு, காரண அடையால் சிறப்புப்பெயர் ஆக்குதல் தகும். நாரிழை யூக்கா, குறுவாள் யூக்கா என்பன அவ்வகையின. ஸ்பானிய 'யுக்கா' மரவள்ளி என்றே பெயர்க்கப்படல் வேண்டும். ஒரு தாவரத்தின் பெயரை மற்றொன்றிற்கு ஏற்றிய பழம்பிழை தமிழ் அகராதிகளில் மீள நிகழாதிருக்க இந்நெறி துணைசெய்யும்.