தேர்வு நாளில் குரல் நடுங்குவது ஏன்?

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர், அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். ‘பாசு’ என்பது மூங்கிலைக் குறிக்கும். மூங்கில் அடர்ந்த இடமாதலால் இப்பெயர் வந்தது என்பர். மூங்கிற் குழலில் காற்று இசையாகிறது. நம் தொண்டையிலும் அப்படித்தான்.

இவ்வூர் மாணவன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, சென்னை அடையாற்றங்கரையில் பிராடி மாளிகையில் இயங்கும் அரசு இசைக் கல்லூரியில் சேர விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். 1949ஆம் ஆண்டு முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய கல்லூரி அது. வீட்டில் குழைந்து வரும் அவன் குரல், தேர்வாளர் முன்னே நடுங்குகிறது. பல ஆண்டுப் பயிற்சி சில நிமிடங்களில் வீணாகலாமா? குரல் இயங்கும் முறையை அறிந்தால் இதைத் தவிர்க்கலாம்.

குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் உள்ளன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் திறந்து மூடச் செய்கிறது. நொடிக்கு 200 முறை திறந்து மூடினால் அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ். ஆண்கள் ஒரு கட்டை சுருதியில் பாடும்போது ஆதார சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். பெண்கள் ஐந்து கட்டையில் பாடும்போது 196 ஹெர்ட்ஸ்.

பருவ வயதில் ஆண்பிள்ளைகளின் குரல்வளை பெரிதாகி, நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. சிறு வயதில் பாடிய சுருதியையே பிடித்துக்கொண்டிருப்பது தவறு. கீழே மந்தர பஞ்சமமும் மேலே தார பஞ்சமமும் சிரமமின்றி எட்டுகிற சுருதியே உங்களுக்குரியது. தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே ஆசிரியரிடம் கேட்டு இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது சுருதி சேர்தல். சட்ஜம் 200 ஹெர்ட்ஸ் என்றால் பஞ்சமம் 300. தம்புராவின் பஞ்சமம் 300ஆக ஒலிக்க, நீங்கள் 303இல் பாடினால் நொடிக்கு மூன்று முறை ஒலி ஏறி இறங்கும். இதையே இயற்பியலில் விம்மல் என்கிறோம். உங்கள் குரலை நெருங்கக் கொண்டுவர, விம்மல் மெதுவாகி மறையும். அந்த அமைதியைக் காது அடையாளம் காணும்வரை நாள்தோறும் நீண்ட சுரங்களைப் பாடிப் பழகுங்கள். கைப்பேசியில் பதிவு செய்தும் கேளுங்கள். நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்பதால், பிறர் கேட்கும் குரலை நாம் கேட்பதில்லை. பதிவே உண்மையைச் சொல்லும்.

இனி நடுக்கம். அச்சம் வந்ததும் அட்ரீனல் சுரப்பி அட்ரீனலினைச் சுரக்கிறது. இதயம் விரைகிறது, வாய் உலர்கிறது, மூச்சு மேல் மார்போடு நின்றுவிடுகிறது, தசைகள் இறுகி நடுங்குகின்றன. குரல்நாண்களை இழுத்துப் பிடிப்பவையும் தசைகளே. குரல் நடுங்க வேறென்ன வேண்டும்? தாளமும் தானாக ஓடத் தொடங்கும். இதெல்லாம் உடலின் இயல்பு. உங்கள் திறமைக் குறைவு அன்று.

இதற்கு மருந்து பழக்கம்தான். கோயில் மண்டபத்திலோ, பள்ளியிலோ, அறிமுகமில்லாதவர் முன்னே பலமுறை பாடுங்கள். நன்கு பழகிய வர்ணத்தையே முதலில் எடுங்கள். நேற்றுக் கற்ற கீர்த்தனை வேண்டாம். பாடுமுன் மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடுங்கள். இதயத் துடிப்பு தணியும். கடைசி நாளில் ஐந்து மணி நேரம் பாடுவதைவிட, தினமும் ஒரு மணி நேரம் பாடுவது நல்லது. கற்றதை மூளை உறுதிப்படுத்துவது உறக்கத்தில் என்பதால் முன்னிரவு கண்விழிக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு செய்தி. நாம் குடிக்கும் நீர் குரல்நாண்களைத் தொடுவதில்லை. அது உணவுக்குழாய் வழியே போகிறது. இரத்தத்தில் கலந்த பிறகே நாண்களுக்கு ஈரம் கிடைக்கும். ஆகவே வாசலில் நின்று குடிப்பது வாய்க்கு உதவும். நாண்களுக்கு உதவ முதல் நாளிலிருந்தே குடிக்க வேண்டும்.

திருவள்ளூரில் மின்ரயில் ஏறியதும் பேச்சைக் குறையுங்கள். இரைச்சலில் நாம் அறியாமலே உரக்கப் பேசுகிறோம் என்பதை லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதினார். ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணத்தில் கத்திப் பேசினால், களைத்த குரலோடுதான் தேர்வறைக்குள் நுழைவீர்கள்.

தேர்வாளர்கள் தேடுவது தேர்ந்த வித்துவானை அன்று. கற்கத் தகுந்த மாணவனை. சுருதியும் தாளமும் நிலைத்து நின்றால், சிறு நடுக்கத்தை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். துணிந்து பாடுங்கள்!